கட்டைவிரலுக்கு நிகர் கட்டைவிரல்தான்

பெருவிரல் தலை, உள்விளிம்பு முதுகெலும்பு, குதிகால் இடுப்பு என்று பாதத்துக்குள் உடம்பையே வரைந்து காட்டும் பாத அழுத்தச் சிகிச்சைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாடத்தை நான் மறுபடி நடத்தப் போவதில்லை.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இன்றைய மோகம். மின்முனை பொருத்திய உப்புத் தண்ணீர்த் தொட்டியில் காலை வைக்கச் சொல்லி, தண்ணீர் பழுப்பானதும் “உங்கள் உடம்பு நச்சு” என்கிறார்கள். காலே வைக்காமல் மின்சாரம் விட்டுப் பாருங்கள், அப்போதும் பழுப்பாகும். அது மின்முனை இரும்பு அரித்த துரு, நச்சே அல்ல!

“ஐயாயிரம் ஆண்டு எகிப்தியக் கலை” என்ற பலகையும் அப்படித்தான். எகிப்தின் சக்காராவில் அங்கமாஹோர் என்பவரின் கல்லறைச் சுவரில் கைகால் பிடித்துவிடும் சிற்பம் உண்டு. அது வைத்தியமா, நகம் திருத்துவதா என்று இன்னும் வழக்கு. பாதப் படத்தின் மூலக் கருத்துக்கு வயது நூறு சொச்சம்தான். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு, உடம்பை நெடுக்காகப் பத்து மண்டலங்களாகப் பிரித்து 1917இல் நூல் வெளியிட்டார். விரல்களில் ரப்பர் வளையம், துணிக் கிளிப் மாட்டி அழுத்தம் கொடுத்தார்.

அந்தக் கிளிப்பைக் கழற்றியவர் என் நாயகி யூனிஸ் இங்காம். உடலியக்கச் சிகிச்சையாளர். 1930களில் பாதத்தை அங்குலம் அங்குலமாகத் தடவி வரைபடம் ஆக்கினார். 1938இல் நூலும் எழுதினார். அவர் கொடுத்த பெருங்கொடை வரைபடம்கூட அல்ல, கட்டைவிரல் நடை. விரலின் முதல் கணுவை மடக்கி, அழுத்தி, நிமிர்த்தி, கம்பளிப்புழுபோல் ஊர்வது. எண்ணெய் கூடாது, வழுக்கும். நகம் படக் கூடாது. மற்ற நான்கு விரலும் புறங்காலைத் தாங்க வேண்டும். மறுபடி சொல்கிறேன்: மடக்கு, அழுத்து, நிமிர்த்து, நகர். குச்சியால் குத்துவது இந்தக் கலை அல்ல.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர் ஷிப்ட் முடிந்து என்னிடம் வருவார். நாளெல்லாம் சேஃப்டி ஷூவுக்குள் நின்ற பாதம். உள்வளைவில் விரல் ஊர்ந்து போகும்போது, சுண்டைக்காய்போல் ஒரு முடிச்சு தட்டுப்படும். அங்கே விரலை நிறுத்தினால் முகம் சுளிப்பார்; சற்று நேரத்தில் மூச்சு நீளும். எந்த இயந்திரத்துக்கு அந்த முடிச்சு தெரியும்?

இந்தக் கலை நோய் தீர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவ ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009இல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நம்பத்தக்க சான்று இல்லை என்றே எழுதினார். பாதத்தைத் தொட்டுக் கல்லீரல் நோயைக் கண்டுபிடித்தேன் என்பவரிடம் போகாதீர்கள். சர்க்கரையால் கால் மரத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள். மற்றவர்கள் இயந்திரத்துக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடியுங்கள்; இன்று இரவே வீட்டில் ஒருவர் பாதத்தை மடியில் வைத்து, கட்டைவிரலை மெதுவாக நடத்திப் பாருங்கள்.