எல்லைப்புறக் குற்றங்களும் நடத்தைத் தடங்களும்



குற்றம் செய்தவரின் நடத்தையைக் கொண்டு ஆளை அறிவது எப்படி என்று பேசப் பாலக்காட்டில் கூடியிருக்கிறோம். இந்தத் துறையின் பாடநூல்கள் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. பயிற்சிக்கழகம் உள்ள குவாண்டிகோவில் தொடங்குவது வழக்கம். நான் பக்கத்தில் இருக்கும் போத்துண்டியில் தொடங்குகிறேன்.

2019 ஆகஸ்ட் 31 அன்று நென்மாறையை அடுத்த போத்துண்டியில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர் பக்கத்து வீட்டுக்காரர். தன் மனைவி பிரிந்துபோனதற்கு அக்கம்பக்கத்தார்தான் காரணம், அவர்கள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊறிப்போயிருந்தது. கொலைக்குப் பின் மலைக்காட்டில் ஒளிந்தவர், பசி தாங்காமல் கீழே வந்தபோது பிடிபட்டார். வழக்கு முடியுமுன்பே ஜாமீன் கிடைத்தது. நென்மாறை காவல் நிலைய எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவரோ அதே வீட்டுக்கே திரும்பி வந்து தங்கினார். இறந்த பெண்ணின் குடும்பம் பயந்துபோய் 2024 டிசம்பர் இறுதியில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியதோடு சரி. 2025 ஜனவரி 27 காலையில் அந்தப் பெண்ணின் கணவரும் மாமியாரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

அதன்பின் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடி ட்ரோன், மோப்ப நாய், நீர்நிலைகளில் முக்குளிப்போர் என்று பெரும் தேடல் நடந்தது. வேறு ஊர்களில் பார்த்ததாகவும் தகவல்கள் வந்தன. கடைசியில் கைகொடுத்தது அவரைப் பற்றிய பழைய அறிவுதான். இந்த ஆளால் பசி பொறுக்க முடியாது, வேறெங்கும் போகமாட்டார், இருட்டியதும் வீட்டுப் பக்கம்தான் இறங்குவார் என்று காவலர்கள் கணித்தார்கள். மறுநாள் இரவே பிடிபட்டார். 2019 கொலைக்கு 2025 அக்டோபரில் பாலக்காட்டு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

இந்த வழக்கை ஆழமாகப் படிக்கும்படி ஆய்வு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கே திரும்புவார் என்பது 28ஆம் தேதி இரவு அவரைப் பிடிக்க உதவியது. அதே செய்தி ஒரு மாதத்துக்கு முன்பே புகாராகக் காவல் நிலைய மேசையில் இருந்தது. அவருடைய வன்மம் ஒரு பெண்ணோடு நிற்கவில்லை, அண்டை அயலார் என்ற பன்மையின் மேல் இருந்தது என்பதும் முதல் வழக்கிலேயே தெரிந்த விஷயம். அந்த வன்மத்துக்கு இலக்கானவர்கள் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தார்கள். முகம் தெரியாத கொலையாளியைக் கண்டுபிடிக்கும் வித்தையாகவே நடத்தைப் பகுப்பாய்வை நாம் கற்பிக்கிறோம். பெயரும் முகவரியும் தெரிந்த ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று கணிப்பது அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதே மாவட்டத்து வாளையாறையும் இங்கே நினைக்க வேண்டும். 2017 ஜனவரி 13 அன்று ஒரு சிறுமி வீட்டில் பிணமாகக் கிடந்தாள். பிரேதப் பரிசோதனை பாலியல் கொடுமையின் அறிகுறியைச் சொன்னது. மார்ச் 4 அன்று அதே வீட்டில் அவள் தங்கை. முதல் மரணத்தை ஒரு தொடரின் தொடக்கமாக இருக்கலாம் என்று யாரேனும் நினைத்துப் பார்த்திருந்தால் அந்த இடைவெளி போதுமானதாக இருந்திருக்கும்.

மேலைநாட்டு ஆய்வுகளை நாம் ஒதுக்க வேண்டியதில்லை, அளந்து வாங்க வேண்டும். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சிறையில் இருந்த கொலையாளிகளைப் பேட்டி கண்டு, திட்டமிட்டுச் செய்பவர், தாறுமாறாகச் செய்பவர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2004இல் உளவியலாளர் டேவிட் கேன்டரும் சகாக்களும் தொடர் கொலையாளிகள் செய்த 100 கொலைகளை எடுத்து அலசினார்கள். அந்தப் பிரிவு தரவுகளில் நிற்கவில்லை. திட்டமிடலின் கூறுகள் பெரும்பாலான கொலைகளில் இருந்தன, அவற்றோடு தாறுமாறும் கலந்தே இருந்தது. நடத்தைச் சித்திரம் ஏமாற்றவும் செய்யும். லண்டனில் 1992இல் நடந்த ரேச்சல் நிக்கெல் கொலை வழக்கில் உளவியலாளர் தந்த சித்திரத்துக்குப் பொருந்துகிறார் என்று காலின் ஸ்டாக் என்பவரை வலைவிரித்துப் பிடித்தார்கள். 1994இல் நீதிபதி அந்த வழக்கைத் தூக்கி எறிந்தார். உண்மைக் கொலையாளியான ராபர்ட் நாப்பர் அதற்குள் இன்னொரு தாயையும் அவர் குழந்தையையும் கொன்றிருந்தான். நிக்கெல் வழக்கில் அவனுக்குத் தீர்ப்பு வர 2008 ஆயிற்று.

நம் எல்லைக்கு வருகிறேன். குற்றம் நடந்த இடங்களைப் படத்தில் குறித்து, வட்டம் போட்டு, அதற்குள் குற்றவாளியின் இருப்பிடத்தைத் தேடும் முறை சமவெளி நகரங்களில் பிறந்தது. இடுக்கியில் அது அப்படியே செல்லாது. படத்தில் அருகருகே இருக்கும் இரண்டு எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கும். விடியுமுன் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் ஏலத்தோட்டப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகின்றன. சாயங்காலம் இறங்குகின்றன. அங்கே தூரத்தை நேரத்தால் அளக்க வேண்டும்: எந்த ஜீப், எத்தனை மணிக்கு, எந்தக் குறுக்குப் பாதை. தினமும் மாநில எல்லை தாண்டுகிறவர் அந்த ஊருக்கு அந்நியர் ஆகமாட்டார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் யார் வழக்கமாக வருகிறவர், யார் அன்று மட்டும் வந்தவர் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் தமிழில் உட்கார்ந்து பேச ஒரு காவலர் வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. செயலின் பாணியை ஆராய்வதற்கும் ஒரு சமூகத்தின் மேல் முத்திரை குத்துவதற்கும் இடையிலான கோடு நம் பக்கத்தில் பலமுறை அழிந்திருக்கிறது. இடுக்கி மலையிலிருந்து கிழக்கே இறங்கி உசிலம்பட்டிப் பக்கம் போனால் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். ஒருவர் என்ன செய்தார் என்பது அந்தச் சட்டத்துக்குத் தேவைப்படவில்லை, எந்தச் சாதியில் பிறந்தார் என்பதே போதும். பக்கத்து ஊருக்குப் போகக்கூட ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு கேட்டார்கள். சட்டம் போய்விட்டது, அந்தப் பார்வை போகவில்லை. 2024 நவம்பரில் ஆலப்புழைப் பக்கத்துத் திருட்டுகளை ஒட்டி தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட திருட்டுக் கும்பலுக்கு வைத்த ‘குறுவா’ என்ற பெயர் கேரளச் செய்திகளில் நாள்தோறும் அடிபட்டது. எந்த நேரம், எந்தக் கதவு, முகத்தை எப்படி மறைத்தார்கள் என்பதெல்லாம் புலனாய்வுக்கு வேண்டிய குறிப்புகள்தான். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும் பெயர் எதற்கும் உதவாது. அட்டப்பாடி முக்காலியில் 2018 பிப்ரவரி 22 அன்று அரிசி திருடினார் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் கட்டி வைத்து அடித்தே கொன்ற கூட்டமும் தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதியதுதான்.

ஆகவே இந்த இரண்டு நாளும் ஒரு காரியத்தை முடித்துக்கொடுங்கள் என்று வேண்டுகிறேன். வாளையாறு, மீனாட்சிபுரம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய எல்லைகளின் இருபுறமும் உள்ள காவல் நிலையங்களுக்குப் பொதுவாக ஒரு குறிப்புப் படிவம், தமிழிலும் மலையாளத்திலும். அதில் நேரம், நுழைந்த வழி, கருவி, பேசிய சொற்கள், விட்டுச்சென்றவை, தப்பிய பாதை, முன்பு மிரட்டியவர்கள் யார், ஜாமீன் நிபந்தனை என்ன, அது மீறப்பட்டதா என்ற இடங்கள் இருக்கட்டும். சாதிக்கும் சொந்த மாநிலத்துக்கும் அதில் கட்டம் வேண்டாம். புகார் கொடுத்தவரை எத்தனை நாளுக்குள் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். முதல் அமர்வு இந்தப் படிவத்தின் வரைவைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.