கணக்கு ஊரறிய வேண்டும்!

(உழவரிடை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்)



காவிரிக் கரையில் மோகனூரிலும் பரமத்திவேலூரிலும் வாழையும் கரும்பும் வெற்றிலையும் விளைவிப்போரும், இராசிபுரத்து மேட்டுக் காடுகளில் வானம் பார்த்துக் குச்சிக்கிழங்கு நடுவோரும் அரசிடம் இரந்து நிற்போர் அல்லர். அரசு வழங்கும் உதவித்தொகை மக்கள் செலுத்திய வரிப்பணமே. அது யாருக்குப் போயிற்று என்று கேட்பது உழவனின் உரிமை. விடை சொல்வது அரசின் கடமை.

2019 பிப்பிரவரியில் நடுவணரசு உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 உருபாவை மூன்று தவணைகளில் தரும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு உழவனுக்குத் தரும் தொகைக்கும் ‘கிசான் சம்மான் நிதி’ என்று இந்தியிலேயே பெயர்! பெயரே விளங்காத திட்டத்தின் கணக்கு மட்டும் எப்படி விளங்கும்?

2020இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். கொரோனாத் தொற்றுக் காலத்தில், கணினி வழியே தாமே பதிந்துகொள்ள இசைவு தரப்பட்டது. வேளாண்துறை அலுவலர்க்குரிய கடவுச்சொற்கள் அயலார் கைகளில் சிக்கின. சேலம், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலான பல மாவட்டங்களில் தகுதியற்றோர் ஐந்து இலக்கத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் ஏறினர். ஏறத்தாழ 110 கோடி உருபா தவறான வழியிற் சென்றது. 80 பேர் பணிநீக்கப்பட்டனர். 34 பேர் இடைநீக்கப்பட்டனர்.

பெற்றவர் எல்லாரும் கள்வரா? அல்லர். ‘கொரோனா உதவிப் பணம்’ என்று சொல்லி ஏழைகளின் வங்கிக் கணக்கெண்களைத் தரகர் வாங்கிச் சென்றனர். தரகு அவர்களுக்கு, திருப்பிக் கட்டும் சுமையோ ஏழைக்கு! மறுபுறம், பிறர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கொடிக்கால் வைத்து உழைக்கும் உண்மையான உழவனுக்கு இத்திட்டத்தில் இடமேயில்லை. நிலம் அவன் பெயரில் இல்லையாம்! ஏர் பிடிக்காதவன் பெயர் ஏறிற்று. ஏர் பிடித்தவன் பெயர் ஏறவில்லை.

இதைத் தடுக்க வழியில்லாமலா போயிற்று? பயனாளர் பட்டியலை ஊராட்சிகளில் ஒட்டவேண்டும் என்பது அத்திட்டத்தின் நெறிமுறையிலேயே உண்டு. எவனுக்கு எத்தனை காணி, எவனுக்குக் கையகல நிலமும் இல்லை என்பதைக் கணினி அறியாது, ஊர் அறியும். ஊரின் கண்முன் பட்டியல் விரிந்திருந்தால் பொய்ப்பெயர் ஒன்றேனும் ஒளிந்திருக்க முடியுமா?

1997இல் சேலத்தினின்று நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு தகவல் பெறும் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. பின்னர் வந்த 2005ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தின் 4ஆம் பிரிவு, உதவித்தொகைத் திட்டங்களின் தொகையையும் பயனாளர் விவரங்களையும் எவரும் கேளாமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. சட்டம் உண்டு, கேட்கும் வாய்தான் இல்லை!

கணக்குக் கேட்பது தமிழனுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் குடவோலை முறை வெட்டப்பட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர் என்று அக்கல் முழங்குகிறது. ஊரார் காணக் கல்லில் வெட்டிய இனம் இன்று தாளில் ஒட்டவும் தயங்குவதா?

ஆகவே, ஊராட்சி தோறும் மூன்றைக் கேளுங்கள். ஒன்று: உரம், விதை, சொட்டுநீர், காப்பீடு என எவ்வுதவியாயினும் பெற்றவர் பட்டியலைத் தமிழில் ஊராட்சிச் சுவரில் ஒட்டுக. இரண்டு: ஊரவை கூடும்போதெல்லாம் அதனை உரக்கப் படித்து, மறுப்புரைகளைப் பதிவு செய்க. மூன்று: குத்தகை உழவனையும் உழவனாக ஏற்றுப் பட்டியலில் சேர்க்க.

அடுத்த ஊரவைக் கூட்டத்திற்கு வெறுங்கையோடு போகாதீர்கள், கேள்வியோடு போங்கள்! கேட்கின்ற ஊரில் கள்ளக் கணக்கு நில்லாது.

வெல்க தமிழ்! வாழ்க உழவர்!