பட்டறை டிரம்மில் இருப்பது என்ன?



பெங்களூரு பீன்யா பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். லேத் வேலை, வெல்டிங் வேலை, முலாம் பூசும் வேலை. இன்றைக்கு உங்கள் பட்டறை டிரம்மைப் பற்றிப் பேசலாம்.

டி.சி.இ. என்பீர்கள். முழுப் பெயர் ட்ரைக்ளோரோஎத்திலீன். பெயர் நீளம்தான். எழுத்துக் கூட்டிப் படித்தால் வந்துவிடும்.

பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். நிறம் இல்லை. இனிப்பான வாசம் உண்டு. ஆனால் தண்ணீரை விடக் கனம். ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. ஒரு லிட்டர் டி.சி.இ. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. தண்ணீரில் ஊற்றினால் பெரும்பாலும் கலக்காமல் அடியில் போய்த் தங்கும்.

இதை எதற்கு வாங்குகிறார்கள்? எண்ணெயையும் கிரீஸையும் கரைக்க. இரும்பில் எண்ணெய்ப் பசை இருந்தால் முலாம் ஒட்டாது, உரிந்துவிடும். பெரிய தொழிற்சாலையில் இதற்குத் தனித் தொட்டி இருக்கும். அடியில் சூடு கொடுப்பார்கள். 87 டிகிரியில் கொதித்து ஆவி எழும்பும். கூடையில் தொங்கும் சாமான் மேல் ஆவி படும். பட்டதும் துளியாகி, எண்ணெயைக் கழுவிக்கொண்டு சொட்டும். தொட்டியின் மேல் ஓரத்தில் குளிர்ந்த தண்ணீர்க் குழாய் ஓடும். அது ஆவியை வெளியே விடாமல் மடக்கும். நல்ல ஏற்பாடுதான். சிறு பட்டறையில் இதெல்லாம் ஏது? ஒரு வாளி, கொஞ்சம் பனியன் வேஸ்ட், வெறும் கை. அவ்வளவுதான்.

பெட்ரோல் போல இது சட்டென்று தீப்பிடிக்காது. அதனால் பயமில்லாத சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது.

இதன் ஆவி மூச்சில் போனால் தலை வலிக்கும், தலை சுற்றும், கண் சொக்கும். ஒரு காலத்தில் மருத்துவர்களே இதைப் பிரசவ வலிக்கு முகரக் கொடுத்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். கொஞ்சம் முகர்ந்தாலே மயக்கம் தரும் பொருள் இது. நாள் முழுக்க வாளி மேல் குனிந்து நிற்பவர் கதி என்ன? கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். வாசம் தெரியாது. ஆவி மட்டும் இருக்கும்.

என் சித்தப்பா ஒரு முலாம் பட்டறையில் இருந்தார். சாயங்காலம் கொஞ்சம் குடித்தால் முகமும் கழுத்தும் திட்டுத் திட்டாகச் சிவக்கும். சரக்கு சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார். டி.சி.இ. வேலை செய்பவர் மது குடித்தால் இப்படி ஆகும் என்று 1974-லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பட்டறையில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தில் புற்றுநோய் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் இதை உறுதி செய்தது. கர்ப்பிணிகள் கிட்டேயே போகக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கும் இது போய்ச் சேரும்.

ஆவி காற்றை விட நாலரை மடங்கு கனம். பள்ளத்திலும் தொட்டிக்குள்ளும் தேங்கி நிற்கும். தொட்டி கழுவ இறங்கிய ஒருவர் மயங்கி விழுகிறார் என்று வையுங்கள். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார். அவரும் விழுவார். மனசு கேட்காதுதான். ஆனாலும் காற்றுக் கருவி, இடுப்புக் கயிறு இல்லாமல் இறங்காதீர்கள். விஷ ஆவி உள்ள தொட்டிக்குள் இவை இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது, இல்லையென்றால் தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது.

வெல்டிங் செய்யும் அண்ணன்மார்கள் கவனியுங்கள். டி.சி.இ.யில் கழுவிய ஈரத்தோடு சாமானை வெல்டிங் செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் இது பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சு முட்டும். காஸ்டிக் சோடாத் தொட்டியிலும் இது சேரக் கூடாது. வெடிக்கும் வாயு உண்டாகும்.

முகத்தில் கைக்குட்டை கட்டினால் தூசு நிற்கும், ஆவி நிற்காது. சாதாரண ரப்பர் கையுறையும் இதில் ஊறிக் கெட்டுவிடும். கதவு, ஜன்னல் திறந்து வையுங்கள். ஆவியை இழுக்கும் விசிறி கேளுங்கள். சோப்புக் கரைசலை வெந்நீரில் கலந்தே பல சாமான்களைக் கழுவலாம். நேரம் கூட ஆகும் என்பார்கள். ஆகட்டுமே.

கண்ணில் தெறித்தால் 15 நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மயங்கியவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு போங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், டிரம்மின் பெயரை எழுதிக்கொண்டு.

பழைய சரக்கைத் தரையில் கொட்டுகிறார்களே, அது மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீருக்கும் கீழே போய் உட்காரும். வருஷக்கணக்கில் போர் தண்ணீரைக் கெடுக்கும். அக்காமார்களே, மலிவாகக் கிடைக்கிறது என்று காலி டிரம்மை வாங்கிக் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம்.

டிரம்மில் பெரும்பாலும் இங்கிலீஷ்தான் இருக்கும். ஆனால் எண்களை நீங்கள் படித்துவிட்டீர்கள். சாய்ந்த கட்டத்துக்குள் மண்டை ஓடு, பக்கத்தில் 1710 என்ற எண் இருந்தால் அது டி.சி.இ. 1897 என்றால் சலவைக்கடைகளில் உலர் சலவைக்கு ஊற்றும் பெர்க்ளோரோஎத்திலீன். 1593 என்றால் பெயிண்ட் உரிக்கும் மெத்திலீன் குளோரைடு. மூன்றும் ஒரே குடும்பம். நோட்டை எடுத்து இந்த மூன்று எண்களையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பட்டறையில் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.