இறந்த வீரரின் ஏட்டைத் திருத்துதல்

(சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் கூட்டங்களில் முன்னோர் பெருமை பேசப்படாத நாளில்லை. இன்னார் படைக்குத் தலைமை பூண்டார், இன்னார் பதக்கம் பெற்றார் என்று கேட்டுக் கேட்டு நம் செவிகள் பழகிவிட்டன. கேட்குந்தோறும் உள்ளம் பூரிக்கின்றது, அது இயல்பே. ஆயினும், "அதற்கு ஏடு எங்கே?" என்று ஒருவர் வினவின் நம்மில் எத்தனை பேர் விடையிறுக்க வல்லோம்? ஏட்டில் இல்லாத பெருமை, பேசுவோர் வாயோடு மறைந்துபோம். ஏட்டில் நின்ற பழியோ, அதனைச் சுமந்தவர் மண்ணோடு மண்ணான பின்னும் மறையாது நிற்கும்.

ஆதலின், ராணுவத்தில் ஊழியம் செய்து மாண்ட ஒருவரைக் குறித்த அரசாங்க ஏட்டில் தவறு நின்றாலும், அவருக்குரிய விருது விடுபட்டாலும், அவர் இறந்தபின் அதனைத் திருத்துவது எங்ஙனம் என்பதையே யாம் இன்று பேசுவதற்கு எடுத்துக்கொண்டோம். இவ்விஷயத்தில் விரிந்த அனுபவமுடைய தேசம் ஐக்கிய அமெரிக்கா. அங்கே பிறப்பின் காரணமாகத் தாழ்த்தப்பட்ட கறுப்பு இனத்து வீரர் இருவர் சரிதத்தைக் கூறுவோம். பிறப்பைக் கொண்டு மனிதனை அளப்பது எத்தகையது என்பதை அறிந்த நம்மவர்க்கு இச்சரிதங்கள் அந்நியமாகத் தோன்றா.

முதலாமவர் ஹென்றி ஃபிளிப்பர் என்பார். இவர் 1856-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாகாணத்துத் தாமஸ்வில் என்னும் ஊரில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின் கல்வி பயின்று, 1873-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையிற் சேர்ந்தார். அங்கு வெள்ளை மாணாக்கர் இவரோடு கலந்து பழகாது ஒதுக்கி வைத்தனர். நான்காண்டு அத்தனிமையைப் பொறுத்து, 1877-இல் தேர்ச்சி பெற்று, அக்கலாசாலையினின்றும் வெளிவந்த முதல் கறுப்பர் என்னும் பெயரை எய்தினார். பத்தாவது குதிரைப்படையில் அதிகாரியாக அமர்ந்தார். சில் கோட்டை என்னுமிடத்தில் தேங்கிய நீரால் விஷஜுரம் பரவியிருந்தது. இவர் அந்நீரை வடிக்க ஒரு கால்வாய் வகுத்து வெட்டுவித்தார். அக்கால்வாய் இவர் பெயராலேயே வழங்கி, 1977-இல் தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

பின்னர் டெக்ஸாஸில் டேவிஸ் கோட்டையில் உணவுப் பண்டசாலையின் கணக்கும் பணமும் இவர் பொறுப்பில் வந்தன. 1881-இல் அப்பணத்தில் ஒரு பகுதி காணாமற் போயிற்று. இவ்விடத்தில் ஒன்றை மறையாது சொல்லவேண்டும். ஃபிளிப்பர் அக்குறைவை உடனே மேலதிகாரிக்குத் தெரிவித்தாரல்லர். பணம் அனுப்பப்பட்டுவிட்டதென்று பொய் கூறினார். தமக்குக் கணக்கே இல்லாத பாங்கியின்மீது ஒரு செக்கும் எழுதினார். ஊரிலிருந்த நண்பர்களும் வர்த்தகர்களும் பொருள் திரட்டிச் சின்னாளிற் குறைவை ஈடுசெய்தனர். எனினும் ராணுவ நீதிமன்றம் கூடிற்று. 3,791 டாலரும் 77 சென்டும் கையாடினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. அதிகாரிக்குத் தகாத ஒழுக்கம் என்பது மற்றொன்று. கையாடவில்லை என்று முன்னதினின்றும் மன்றம் அவரை விடுவித்தது. பின்னதில் குற்றவாளியென்று தீர்த்து, ராணுவத்தினின்றும் விலக்குமாறு விதித்தது. ராணுவச் சட்டத் தலைமை அதிகாரி இத்தண்டனையைக் குறைக்குமாறு எழுதினார். ஜனாதிபதி ஆர்தர் அதனை ஏற்காது தண்டனையை உறுதி செய்தார். 1882 ஜூன் 30-இல் ஃபிளிப்பர் நீக்கப்பட்டார்.

அதன்பின் அவர் வாளா இருந்தாரல்லர். பூமி அளக்கும் சர்வேயராகவும், எஞ்சினீயராகவும், ஸ்பானிய மெக்ஸிக்க நிலச் சட்டங்களை மொழிபெயர்த்த வல்லுநராகவும் விளங்கினார். அவரை நீக்கிய அதே அரசாங்கம், நிலவழக்குகளை ஆராயவும், பின்னர் உள்நாட்டு இலாகாவில் உதவியாளராக இருக்கவும் அவரை அமர்த்திக்கொண்டது. ஆயினும் ராணுவ ஏட்டில் நின்ற அவ்வொரு வரி அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டேயிருந்தது. 1898-இல் தம் பெயரைச் சீர்ப்படுத்தும் பொருட்டுப் பார்லிமெண்டாகிய காங்கிரஸில் ஒரு மசோதா கொண்டுவரச் செய்தார், நிறைவேறவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றார், பயனில்லை. 1940-இல் தமது எண்பத்து நான்காம் பிராயத்தில் உயிர் நீத்தார். இறப்புப் பத்திரத்தில் தொழில் என்னுமிடத்தில், பாதிரித் தலைவராகிய அவர் தம்பி, "ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி" என்று எழுதினார் என்பர். சகோதரர்களே! அது அன்பு எழுதிய எழுத்து. தமையனுக்கு உலகம் மறுத்ததைத் தம்பி தன் கையால் கொடுத்தான். கேட்போர் கண் கலங்கும். ஆயினும் அன்பு எழுதியது ராணுவ ஏட்டைத் திருத்தவில்லை. அந்த ஏட்டில் 1882-ஆம் ஆண்டின் வரி அவ்வண்ணமே நின்றது.

இனி, அது திருந்திய வகையைச் சொல்லுவோம். முற்காலத்தில் அத்தேசத்தில் ராணுவ ஏட்டின் பிழையைத் திருத்துவதற்குத் தனித்தனியே சட்டம் இயற்றவேண்டியிருந்தது. செல்வாக்குள்ளவர்க்கே அது கைகூடும். 1946-இல் ஒரு சட்டம் அவ்வழக்கத்தை நிறுத்தி, ராணுவ ஏடுகளைத் திருத்தும் போர்டுகளை அமைப்பதற்கு வழி செய்தது. சாதாரண மனிதரும் காகிதத்தில் விண்ணப்பம் எழுதி நியாயம் கேட்கலாம் என்பது அன்று உண்டான உரிமை. ஃபிளிப்பர் மாண்டு ஆறாண்டு கழித்து அவ்வழி திறந்தது! அவ்விதிப்படி, தவறு தெரிந்த நாள்முதல் மூன்றாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நியாயத்தின் பொருட்டுப் போர்டார் அக்கெடுவைத் தள்ளி வைக்கவும் கூடும். வீரர் இறந்திருப்பின் மனைவியோ, பெற்றோரோ, வாரிசோ, சட்டப் பிரதிநிதியோ விண்ணப்பிக்கலாம்.

ஃபிளிப்பருக்கு மனைவி மக்கள் எவரும் முன்நிற்கவில்லை. ஜார்ஜியாவில் ஒரு பள்ளி ஆசிரியர் அவர் சரிதத்தைப் படித்து, பழைய விசாரணை ஏடுகளைத் தேடித் தொகுத்து, அவர் குடும்பத்து உறவினரோடு கூடி, போர்டாரிடம் வழக்கை எடுத்துச் சென்றார். 1976-இல் போர்டார் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பை ஊன்றி நோக்குக. ராணுவ நீதிமன்றத்தின் முடிவை மாற்றத் தங்களுக்கு அதிகாரமில்லை என்றனர். குற்றம் நடக்கவேயில்லை என்று சொல்லவில்லை. ஆனால் தண்டனை அளவுக்கு மீறிக் கொடியது, அநியாயமானது என்று கண்டு, 1882 ஜூன் 30-ஆம் தேதியிட்டே, அவர் கௌரவத்தோடு விடுவிக்கப்பட்டார் என்று ஏட்டைத் திருத்தச் செய்தனர். 1978-இல் அவர் உடல் பிறந்த ஊராகிய தாமஸ்வில்லுக்கு எடுத்துவரப்பெற்று, ராணுவ மரியாதையோடு அடக்கஞ் செய்யப்பட்டது. 1999 பிப்ரவரி 19-இல் ஜனாதிபதி கிளிண்டன் அவருக்கு மன்னிப்பும் அளித்தார்.

மாண்டவர்க்கு இதனாற் பயன் யாது என்று வினவுவோர் உளர். மாண்டவர் அறியார், மெய்யே. ஆனால் ஏடு அவருக்கு மட்டும் உரியதன்று. அவர் வழியில் வரும் இளைஞன் ஒவ்வொருவனும் அந்த ஏட்டைப் படித்தன்றோ "நம்மவர்க்கு இவ்விடம் தகுமா?" என்று தன்னை அளந்துகொள்கின்றான்? வெஸ்ட் பாயிண்டிலேயே இன்று ஃபிளிப்பர் பெயரால் ஒரு பரிசு வழங்கப்படுகின்றது. தடைகளைத் தாங்கித் தலைமை காட்டும் மாணாக்கர்க்கு அது உரியது.

இரண்டாமவர் ஹென்றி ஜான்ஸன். நியூயார்க் மாகாணத்து ஆல்பனி நகரத்து ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தவர். முதல் உலகப் போரில் 369-ஆவது காலாட்படையிற் சேர்ந்து பிரான்ஸ் சென்றார். 1918 மே மாதத்தில் ஓர் இரவு, ஆர்கோன் காட்டில் காவல் நின்றபோது ஜெர்மானியர் கூட்டமாக வந்து தாக்கினர். தோட்டா தீர்ந்தபின் துப்பாக்கிக் கட்டையாலும் கத்தியாலும் போரிட்டு, பகைவர் இழுத்துச்சென்ற தம் தோழனை மீட்டார். உடலில் 21 காயம் பட்டது. பிரெஞ்சு அரசாங்கம் தன் வீர விருதை அளித்தது. அவருடைய சொந்த தேசமோ ஒன்றும் அளிக்கவில்லை. அன்றியும், அவரை விடுவித்த பத்திரத்தில் அக்காயங்களைக் குறித்து ஒரு சொல்லும் எழுதப்படவில்லை!  1929-இல் மாண்டார். ஒரு வீரரின் காயங்களை ஏடு எழுதாது விட்ட கதை இது.

அவரை வறியோர் குழியிற் புதைத்தனர் என்றே நெடுங்காலம் நம்பினர். பின்னர் ஆராய்ந்தபோது, ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் "வில்லியம் ஹென்றி ஜான்ஸன்" என்னும் பெயரில் அவர் அடக்கமாகியிருப்பது புலனாயிற்று. 1996-இல் காயம்பட்டோர்க்குரிய ஊதா இருதயப் பதக்கமும், 2002-இல் மேன்மைச் சேவைச் சிலுவையும் அளிக்கப்பட்டன. அத்தேசத்து மிக உயர்ந்த கௌரவப் பதக்கத்திற்கோ அக்காலச் சாட்சியம் வேண்டியிருந்தது. சேனாபதி பெர்ஷிங் 1918-இல் அனுப்பிய செய்தியில் ஜான்ஸனின் வீரம் கூறப்பட்டிருப்பதைப் பின்னாளில் தேடியெடுத்தனர். கெடுவைத் தளர்த்தக் காங்கிரஸ் சட்டம் இயற்றிற்று. 2015 ஜூன் 2-இல் அப்பதக்கம் அளிக்கப்பட்டது. அதே நாளில் அதே பதக்கம் பெற்ற யூத வீரர் வில்லியம் ஷெமினுக்காக அவர் மகளார் பல்லாண்டு போராடியிருந்தார். அவரும் வந்து பெற்றுக்கொண்டார். ஜான்ஸனுக்கோ பெற்றுக்கொள்ள உரிய உறவினர் எவருமில்லாமையின், நியூயார்க் தேசியக் காவற்படையைச் சேர்ந்த ஒரு சார்ஜெண்ட் அதனைப் பெற்றார்.

இவ்விரு சரிதங்களால் நாம் கொள்ளத்தக்கவை யாவை?

முதலாவது, பிழை தானே திருந்தாது. ஏட்டில் உள்ளது சரியென்றே அதிகாரிகள் கொள்ளுவர். தவறென்று நாட்டும் பாரம் விண்ணப்பிப்பவருடையது. அப்பாரத்தைச் சுமக்க இரத்த உறவே வேண்டுமென்பதில்லை. ஓர் ஆசிரியர் சுமந்தார். ஒரு சங்கமும் சுமக்கலாம்.

இரண்டாவது, ஏடு அழிந்தது என்று கைவிடலாகாது. 1973 ஜூலை 12-இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரத்து ராணுவ ஆவணசாலை தீப்பற்றி, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர் ஏடுகள் எரிந்தன. அதன்பின் சம்பளப் பட்டிகள், ஆஸ்பத்திரிக் குறிப்புகள், படைப்பிரிவின் அன்றாட அறிக்கைகள் முதலியவற்றைக் கூட்டி, எரிந்ததை மீண்டும் எழுதிவருகின்றனர். ஒருவர் பெயர் ஓரிடத்தில் அழியினும் வேறு பல இடங்களில் ஒதுங்கி நிற்கும். தேடுவோர்க்கே அது கிட்டும்.

மூன்றாவது, விருதுகள் எல்லாம் ஓரினமல்ல. இன்ன போரில், இன்ன களத்தில், இத்தனை நாள் இருந்தார் என்பதற்கு அளிக்கும் பதக்கம் ஒருவகை. ஊழிய ஏடு மெய்யாயின் அது தானே உரியதாகும். வீரச்செயலுக்கு அளிப்பது மற்றொருவகை. அதற்கு மேலதிகாரியின் சிபார்சும் கண்டோர் சாட்சியும் வேண்டும். இவ்வேற்றுமை அறியாது கேட்பவர் எளிதிற் கிட்டுவதையும் இழப்பர்.

நான்காவதே யாம் முக்கியமாகச் சொல்லவந்தது. திருத்துதல் வேறு, புனைதல் வேறு. ஃபிளிப்பருக்கு வழக்காடியோர் அவர் பொய் கூறியதை மறைத்திருப்பின், பழைய விசாரணை ஏடே அவர்களைப் பொய்யராக்கியிருக்கும். உள்ளதை உள்ளபடி ஒப்பி, "இக்குற்றத்திற்கு இத்தண்டனை நியாயமா?" என்று கேட்டமையால் வென்றனர். நம் சங்கத்து மலர்களிலோ, சிப்பாயாக இருந்தவர் சுபேதாராகவும், சுபேதாராக இருந்தவர் சேனாபதியாகவும் ஆண்டுக்காண்டு உயர்ந்து வருகின்றனர்! இது முன்னோர்க்குச் செய்யும் மரியாதையன்று. ஒரு பொய் கண்டுபிடிக்கப்படின், அருகில் நிற்கும் ஒன்பது மெய்யும் ஐயத்திற்கு உள்ளாகும். சிப்பாயாக நின்று கடமை செய்தவரைச் சிப்பாய் என்றே பெருமையோடு எழுதுவோமாக.

நம் தேசத்திலும் இதற்கு வழியுண்டு. மதராஸ் ரெஜிமெண்டின் ஏடுகளுக்கு நீலகிரியில் வெல்லிங்டனிலும், மதராஸ் சாப்பர்களின் ஏடுகளுக்குப் பெங்களூரிலும் ஆவணக் காரியாலயங்கள் உள்ளன. ஜில்லாதோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. வழக்கே ஆடவேண்டின், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கின்றது. தகப்பன் பெயரை மகன் பெயராகவும், ஊர்ப் பெயரை வீட்டுப் பெயராகவும் எழுதிவிடுவது நம்மவர் ஏடுகளில் எளிதில் நேரக்கூடிய பிழை. மனைவியின் பெயர் ஏட்டில் ஏறாதிருந்தாலோ ஓரெழுத்து மாறியிருந்தாலோ, குடும்பப் பென்ஷனுக்காக அவ்வம்மையார் படும் அலைச்சல் சிறிதன்று. ஆகவே இது வெறும் புகழ்ப் பேச்சன்று. விதவை ஒருவரின் உலையில் அரிசி விழுவதைப் பற்றிய பேச்சு.

எனவே சங்கத்தாரை யாம் வேண்டுவது இதுவே. நம்மவருள் படையில் இருந்து மாண்டோர் இல்லங்களுக்குச் செல்க. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, பதக்கத்தின் விளிம்பில் வெட்டியுள்ள நம்பர், பழைய கடிதம், இவை டிரங்குப் பெட்டியின் அடியிற் கிடக்கும். செல்லரிக்குமுன் நகல் எடுத்து வைக்க. மூலத்தை அவ்வில்லத்தாரிடமே விடுக. முதியோர் நினைவில் உள்ளதை, அவர் சொன்னபடியே, சொன்னவர் பெயரும் தேதியும் இட்டு எழுதுக. பின்னர், பிழை தோன்றின் விண்ணப்பம் எழுதுவதற்குத் துணை நிற்க.

உயிரோடிருக்கும்போதே இதனைச் செய்தல் சாலச் சிறந்தது. ஃபிளிப்பரின் ஏடு நூறாண்டு அணுகும் வேளையில் திருந்திற்று. அவர் அதைக் காணவில்லை. நம்மிடையே உள்ள முதிய வீரர் ஒருவரேனும் தம் ஏடு செவ்வையாக இருப்பதைத் தம் கண்ணாற் கண்டு மகிழும்படி செய்வோமாயின், இச்சங்கம் கூடியதன் பயன் அதுவே ஆகும்.