முப்பத்தாறரை அடிச் சுறா

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

சுறாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பயப்படாதீர்கள், இதுவும் கணக்குதான். வங்கியில் கிளார்க்காக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்?

'ஜாஸ்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் வெள்ளைச் சுறா 25 அடி. சினிமாதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அறிவியல் நூல்களில் அதைவிடப் பெரிய சுறா ஒன்று நூறு வருடம் இருந்தது. 1870இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்து மீனியல் அறிஞர் ஆல்பர்ட் குந்தர், ஆஸ்திரேலியாவின் போர்ட் ஃபேரி அருகே பிடிபட்ட வெள்ளைச் சுறாவின் நீளம் முப்பத்தாறரை அடி என்று எழுதினார். அதன் தாடை மியூசியத்திலேயே பத்திரமாக இருந்தது. ஆனாலும் பிறகு வந்தவர்கள் முந்தைய புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். எங்கள் பாஷையில் 'பேலன்ஸ் பிராட் ஃபார்வர்டு'. வவுச்சரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

எடுத்துப் பார்த்தவர் ஜான் ராண்டால் என்ற அமெரிக்கர். நீளம் சரியாகத் தெரிந்த சுறாக்களின் பல் உயரத்தையும் உடல் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வரைபடம் போட்டார். லண்டன் தாடையின் பல்லை அதில் பொருத்தினால் சுமார் 17 அடிதான் வந்தது! 1973இல் இதை வெளியிட்டார். 16.5 என்பது அச்சில் 36.5 ஆகியிருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. ஒரே ஒரு இலக்கம். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வலி புரியும்.

நீளமாவது பரவாயில்லை, எடை இன்னும் மோசம். நீளத்தில் பத்து சதவீதம் கூட்டிச் சொன்னால், அதே உருவத்துக்கு எடை 33 சதவீதம் கூடிவிடும். 1945இல் கியூபாவில் பிடிபட்ட ஒரு சுறாவை 21 அடி, 7,100 பவுண்டு என்றார்கள். புகைப்படத்தை ஆராய்ந்தவர்கள் அது அவ்வளவு இருக்காது என்கிறார்கள். அங்கே தாடை இல்லை, படம் மட்டும்தான்.

ஐந்தடி ஆறடி கூடினால் நமக்கென்ன என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம். பெண் வெள்ளைச் சுறா குட்டி போடும் பருவத்துக்கு வருவதே சுமார் 15 அடி நீளத்தில்தான். வயது முப்பதை ஒட்டியிருக்கும். உச்ச அளவு 36 அடி என்று நம்பினால், 16 அடிச் சுறா பாதி வளர்ந்த குட்டியாகத் தெரியும். உண்மையில் அது தாய். அதைப் பிடித்துவிட்டால் ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று நம்பத்தக்க உச்சம் சுமார் 20 அடி.

மெகலோடான் என்ற அழிந்துபோன சுறாவின் கதை வேறு. குருத்தெலும்பு உடல் என்பதால் பெரும்பாலும் பல்தான் மிஞ்சுகிறது. 1909இல் நியூயார்க் மியூசியத்தில் அதற்குத் தாடை செய்தபோது ஓரப் பற்களையும் முன்பல் அளவுக்கே வைத்துவிட்டார்கள். கணக்கு 100 அடிவரை போனது. பிறகு 50, 60 அடிக்கு இறங்கியது. பெல்ஜியத்தில் கிடைத்த முதுகெலும்புத் தொடரை வைத்து 2025இல் வந்த ஆய்வு மறுபடி 80 அடிவரை ஏற்றியிருக்கிறது. இந்தக் கணக்கை இன்னும் டேலி செய்து முடிக்கவில்லை.

உயிரோடு நீந்தும் திமிங்கிலச் சுறாவை அளக்க இப்போது நல்ல வழி இருக்கிறது. கேமராவின் இருபுறமும் இரண்டு லேசர், இடைவெளி தெரியும். மீனின் மேல் விழும் இரண்டு புள்ளிகள்தான் அளவுகோல். படம் எடுத்துவிட்டு மீனை அதன் வழியில் போகவிடுகிறார்கள்.

கேள்வி இருந்தால் காபி முடிந்ததும் கேளுங்கள்.