பேட்டரி மாற்றும் முன் பிளக்கைப் பாருங்கள்



இன்று பேச வந்தது சின்ன விஷயம்தான். காலையில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் என்ன செய்வது? ஆனால் நம் ஆட்டையாம்பட்டியில் முறுக்குச் சுற்றிக் கடைகளுக்குப் போடுகிற வீட்டில் வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். சேலத்துக்கோ ராசிபுரத்துக்கோ வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போகும்.

இதை எங்களுக்குப் புரிய வைத்தது எங்கள் தவறுதான். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது அல்லவா? அதில் வாங்கிய வண்டியை வைத்து, கணவரை இழந்த ஒரு சகோதரி முறுக்கு கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை வண்டி எடுக்கவில்லை. செல்பை அழுத்தி அழுத்தி, கடைசியில் அதுவும் சுற்றவில்லை. பட்டறையில் “பேட்டரி போச்சு” என்றார்கள். அவர் எங்களிடம் வந்தார். நாங்களும் ஒரு கேள்வி கேட்காமல் அவசர உதவி நிதியிலிருந்து 1,800 ரூபாய் கொடுத்துவிட்டோம்.

புது பேட்டரி வந்தது. செல்ப் ஜோராகச் சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் நம் இளைஞர் ஒருவர் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பிக் கிடந்தது. குளிரில் இழுத்த சோக் பல நாளாகத் திரும்ப இறக்கப்படவே இல்லை. பிளக்கைத் துடைத்துப் போட்டு, சோக்கை இறக்கி, இரண்டாவது கிக்கில் வண்டி எடுத்தது. பழைய பேட்டரி சாகவில்லை, சார்ஜ்தான் இறங்கியிருந்தது. அதையும் மாற்று விலைக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த 1,800 ரூபாய் வேறொரு வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகியிருக்கும்.

ஆகவே செல்ப் பட்டனை அழுத்தும்போது முதலில் காதைத் தீட்டுங்கள். எந்தச் சத்தமும் இல்லையென்றால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறீர்களா என்று பாருங்கள். பிரேக் பிடிக்காமல் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் செல்ப் வேலை செய்யாது. புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் எடுக்காது. சிவப்பு நிற ஆஃப் சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள், பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டியிருப்பார்கள். அதன்பின் ஃபியூஸ். சில ரூபாய்ச் சாமான் அது.

“டக் டக்” என்று மட்டும் கேட்டு, ஹாரனும் முனகினால் பேட்டரியில் கரண்ட் குறைவு. அதற்காக உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீரில் நனைத்த பழைய பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்ததும் பிளஸ்ஸை முதலில் மாட்டி, கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். பிறகு சார்ஜ் ஏற்றிப் பாருங்கள்.

செல்ப் நன்றாகச் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் குற்றம் பேட்டரியில் இல்லை. ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், இடையில் கொஞ்சம் விடுங்கள். இப்போது பார்க்க வேண்டியது பெட்ரோலும் பிளக்கும்.

பெட்ரோல் இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர் இன்னும் உண்டு. டார்ச் போதும். முக்கியமாக ஒன்று: நம் வீடுகளில் முறுக்கு அடுப்பும் வண்டியும் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டுத்தான் கை வையுங்கள். அடுப்பு எரியும் இடத்தில் பெட்ரோலை வடிக்கவே கூடாது.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்க் மூடி சரியாக மூடாமல் மழையில் நின்ற வண்டியிலும், மகன் வெளிநாடு போனபின் மாதக்கணக்கில் கிடந்த வண்டியிலும் அடியில் தண்ணீர் இறங்கியிருக்கும். பட்டறையில் வடித்துக் கண்ணாடி பாட்டிலில் வைக்கச் சொல்லுங்கள், இரண்டு அடுக்காகப் பிரிந்தால் தெரிந்துவிடும்.

பிளக்கைக் கழற்ற பிளக் ஸ்பேனர் வேண்டும், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முனை காப்பிப்பொடி நிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரி என்றால் சோக் அல்லது அடைத்துப்போன ஏர் ஃபில்டர். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. அல்லது பெட்ரோல் அதிகமாகிவிட்டது. கார்புரேட்டர் வண்டியானால் பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கை இறக்கி, ஆக்சிலரேட்டரை முழுதும் திருகிக்கொண்டு ஆறேழு கிக் கொடுங்கள். உலர்ந்து சுத்தமாக இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பொறி வருகிறதா என்ற சோதனையையும் பட்டறைக்காரரிடமே விடுங்கள். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகள் கையால் திருகுங்கள். மரை போனால் செலவு ஆயிரங்களில் வரும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் தயாரான ஸ்கூட்டர்களில் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. அவற்றுக்குச் சோக் லீவர் இல்லை. சாவி திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று விநாடி “ஙொய்” என்று ஓடும். அது கேட்கவில்லை என்றால் பம்ப்புக்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம். பேட்டரி அறவே இறங்கிவிட்டால் இந்த வண்டிகளில் பெரும்பாலும் கிக் அடித்தும் பயனில்லை, பம்ப்புக்கும் அதே பேட்டரிதான். பெட்ரோலை எப்போதும் கடைசிச் சொட்டுவரை ஓட்டாதீர்கள். அந்தப் பம்ப் பெட்ரோலில்தான் குளிர்கிறது.

பைக்கைப் போல நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் ஓடாதபோது சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

இனி வண்டிச் செலவுக்கு உதவி கேட்டு வருகிறவர்களிடம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று நாங்கள் கேட்போம். கோபித்துக்கொள்ளாதீர்கள். தெரியாதென்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பிளக் ஸ்பேனர் இரண்டும், ஒரு பேட்டரி சார்ஜரும் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். மறுநாள் திருப்பித் தருவதில் மட்டும் நாங்கள் கொஞ்சம் கண்டிப்பு.