தங்கம் கண்ணாடிக்குள் இருக்கட்டும்



தீபாவளி நெருங்கும் நாட்களில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலோ நடந்து பாருங்கள். நகைக் கடையின் விலைப் பலகையைப் பார்த்துத் தயங்கி நிற்பவர்கள்கூட, மணிமாலைக் கடைக்கு வந்தால் இரண்டு சரமாவது வாங்காமல் நகர மாட்டார்கள். அந்தச் சரங்களுக்கு நடுவே சில கண்ணாடி மணிகள் பொன்னாக மின்னும். "இது தங்க ரேக்கு வைத்த மணி" என்று கடைக்காரர் சொல்வார்.

காப்பார் பக்கம் வீட்டிலிருந்தபடியே மணி கோத்து விற்கும் சகோதரிகளைக் கேட்டால் இரண்டு கேள்விகள் வரும். இதில் இருப்பது உண்மையான தங்கம்தானா? தங்கம் என்றால், வாங்கிய மூன்றே மாதத்தில் ஏன் உரிந்து போகிறது? வாங்கியவர் திரும்பி வந்து கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்தானே! நான் தொலைக்காட்சி அறிவிப்பாளர்தான், பொற்கொல்லர் அல்ல. ஆனாலும் இந்த அங்கத்துக்காகத் தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

எவ்வளவு தங்கம்?

முதலில் கணக்கைப் பார்த்து விடுவோம். ரேக்கு என்பது தங்கத்தை அடித்து அடித்து மெல்லிய ஏடாக்கியது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கனத்துக்கு அடித்தால், 1 கிராம் தங்கம் அரைச் சதுர மீட்டர் பரப்புக்கு விரியும். 8 சென்டிமீட்டர் சதுர ஏடுகளாக வெட்டினால் சுமார் 80 ஏடுகள் கிடைக்கும்.

12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை மணியை எடுத்துக் கொள்ளுங்கள். அதை முழுவதும் மூடுவதற்கு நாலரைச் சதுர சென்டிமீட்டர் ரேக்கு போதும். எடை போட்டால் 1 மில்லிகிராம்கூட வராது. அதாவது, 1 கிராம் தங்கத்தில் ஆயிரம் மணிகளுக்கு மேல் மூடி விடலாம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மணியில் இருப்பது உண்மையான தங்கமாகவே இருந்தாலும், அதன் மதிப்பு தங்கத்தில் இல்லை. செய்தவரின் கைத்திறனில்தான் இருக்கிறது. வாங்குகிறவர் நகை விலை கொடுக்க வேண்டியதில்லை. விற்கிறவரும் பிளாஸ்டிக் மணியின் விலைக்குத் தன் உழைப்பை விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

ஏன் உரிகிறது?

குளிர்ந்து போன மணியின் மேல் பசை தடவி, அதன் மேல் ரேக்கு ஒட்டுவது எளிய வழி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், நம் நாட்டு வெயிலும் வியர்வையும் சும்மா விடுமா? வாசனைத் தைலம், துணி உரசல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து பசையைத் தளர்த்தி விடும். அவ்வளவு மெல்லிய தங்கம் உரசலை எப்படித் தாங்கும்?

தஞ்சாவூர் ஓவியத்தைப் பாருங்கள். அதிலும் தங்கத் தகட்டை ஒட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் ஓவியம் சுவரில் தொங்குகிறது, மேலே கண்ணாடிச் சட்டம் காக்கிறது. மணியோ நாள் முழுவதும் கழுத்தில் உரசிக் கொண்டே கிடக்கிறது. ஆகவே மணிக்கும் ஒரு கண்ணாடிக் காவல் தேவை.

செய்முறை

சுடரில் செய்யும் மணிக்கு மூலப்பொருள் கண்ணாடிக் குச்சி. ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை வெண்களிமண் குழம்பில் தோய்த்துக் காய வைக்கிறார்கள். கண்ணாடிக் குச்சியின் முனையை எரிவாயுச் சுடரில் உருக்கி, அந்தக் கம்பியைச் சுழற்றியபடியே அதன் மேல் சுற்றுகிறார்கள். பின்னர் கம்பியை உருவி எடுக்கும்போது மணிக்குத் துளை கிடைத்து விடும். களிமண் பூச்சு இல்லையென்றால் கண்ணாடி கம்பியோடு ஒட்டிக் கொள்ளும்.

அடுத்து ரேக்கு. அதை விரலால் தொடக்கூடாது, ஒட்டிக் கொண்டு கிழிந்து விடும். மென்மையான தூரிகையால் எடுத்து, சமமான பலகையில் விரிக்க வேண்டும். காற்றாடி ஓடினால் ஏடு பறந்து விடும். மணி பழுத்துச் சிவந்திருக்கும்போது உருட்டக் கூடாது. அந்தச் சிவப்பு தணிந்த பிறகு, சூடு ஆறுவதற்குள் ரேக்கின் மேல் உருட்ட வேண்டும். சூட்டில் தங்கம் தானாகவே பற்றிக் கொள்ளும். பசை எதுவும் தேவையில்லை. பிறகு ஒரு கருவியால் மெதுவாக அழுத்தித் தேய்க்க வேண்டும்.

இனிதான் கவனம் வேண்டும். தங்கம் உருகுவது 1064 டிகிரி செல்சியஸில். சுடரின் வெப்பமோ அதைவிட அதிகம். ரேக்கு வைத்த மணியை நேராகச் சுடரில் நீட்டினால், அந்த மெல்லிய ஏடு சுருண்டு மறைந்து விடும். ஆகவே, நிறமற்ற கண்ணாடிக் குச்சியைத்தான் சுடரில் உருக்க வேண்டும். மணியைச் சுடருக்குச் சற்று விலக்கிப் பிடித்து, உருகிய கண்ணாடியை இடைவெளி விடாமல் அதன் மேல் போர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடி இளகி விரியும்போது ரேக்கு வெடித்துப் பொன் துகள்களாகப் பரவும். இது குறையல்ல, அதுவே ஓர் அழகு! வெடிக்காத முழுப் பரப்பு வேண்டுமென்றால், ரேக்கைவிடக் கனமான தங்கத் தாளைப் பயன்படுத்த வேண்டும்.

உள் கண்ணாடியும் மேல் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிந்து சுருங்குபவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மணி விரிசல் விடும். இறுதியாக, சாதாரண மென்கண்ணாடி மணியைச் சுமார் 510 டிகிரி சூளையில் சிறிது நேரம் வைத்து, மெல்ல மெல்ல ஆற விட வேண்டும். அவசரப்பட்டு ஆற வைத்தால் இன்று இல்லாவிட்டாலும் நாளை உடையும்.

புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. மத்தியதரைக் கடலின் ரோட்ஸ் தீவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே தங்கத்தை வைத்து மணி செய்திருக்கிறார்கள். அந்த முறை வேறு, தத்துவம் ஒன்றுதான்.

கண்ணாடி மணி நமக்கும் அந்நியமல்ல. புதுச்சேரிக்கு அருகே, மோர்டிமர் வீலர் 1945ஆம் ஆண்டில் அகழ்ந்த அரிக்கமேடு ஒரு பெரிய மணித் தொழில் மையம். நம் நாட்டிலேயே பேராக்கின் கோலா செலின்சிங்கிலும், கெடா பூஜாங் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சுங்கை மாஸிலும் மணி செய்த தடயங்கள் கிடைத்துள்ளன. சுங்கை மாஸ் என்றால் தமிழில் பொன்னாறு அல்லவா! அங்கெல்லாம் முக்கியமாகச் செய்தது, கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கும் சின்னஞ்சிறு மணிகளை. இன்று வாரணாசியில் சுடரில் செய்யும் கண்ணாடி மணி ஒரு தொழிலாகவே வாழ்கிறது. நாம் மட்டும் வாங்கிக் கோப்பதோடு நின்று விடலாமா?

ஏமாறாமல் இருக்க

வாங்கும்போது மணியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பொன்னுக்கு மேல் தெளிந்த கண்ணாடி தெரிந்தால் அது போர்த்தியது. நகத்தில் ரேக்கின் விளிம்பு தட்டினால் அது மேலே ஒட்டியது. வெள்ளித் தாளின் மேல் தேன் நிறக் கண்ணாடியைப் போர்த்தினாலும் தங்கம் போலவே மின்னும். துளையின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் வெண்மை தெரியலாம். செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்கும் உண்டு. அது சுடர்ச் சூட்டில் கறுத்து விடும், பசையில் ஒட்டினாலும் நாளடைவில் மங்கும்.

விற்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சின்ன அட்டையில் உண்மையை எழுதிக் கட்டி விடுங்கள்: எத்தனை காரட் ரேக்கு, மேலே ஒட்டியதா, உள்ளே அடைத்ததா. ஒட்டிய மணியை விற்பது தவறல்ல. காதணியாகவோ அலங்காரப் பொருளாகவோ அது நெடுநாள் இருக்கும். எதையும் சொல்லாமல் விற்பதுதான் தவறு. நீங்கள் மறைத்த உண்மையை மூன்று மாதத்தில் அந்த மணியே சொல்லி விடும்.

கற்றுக் கொள்ள விரும்புகிறவர்கள் முறையான பயிற்சி பெற்ற ஒருவரிடமே தொடங்குங்கள். அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் எரிவாயுத் தோம்பை வைத்துக் கொண்டு சோதனை செய்ய வேண்டாம். கண்ணாடி உருகும்போது எழும் மஞ்சள் ஒளியை மறைக்கும் தனிக் கண்ணாடி கண்ணுக்கு வேண்டும். புகை வெளியேற வழி வேண்டும். மணித் துளையில் ஒட்டியிருக்கும் களிமண்ணைத் தண்ணீரில் நனைத்தே சுத்தம் செய்யுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கோக்கும் கை, செய்யும் கையாகவும் மாறினால் நம் பெண்களின் வருமானம் கூடும். இந்தத் தீபாவளிக்கு ஒரு மணியையாவது பக்கவாட்டில் திருப்பிப் பார்த்து, செய்தது யார் என்று கேட்டு வாங்குங்கள்.